நாலாம் கம்பத்தில் இரண்டு முட்டை

கல்மண்டபம், ராயபுரம்
பிப்ரவரி 16

அன்பு மனைவி ஜானட்டுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே நானும் அம்மாவும் சுகம். கிறிஸ்துமஸுக்கு உனக்கு லீவு தரவில்லை என்று நீ ரேஞ்ச் ஆபீஸ் போனில் சொன்ன நாளிலிருந்து நான் கடிதம் போடவில்லை. உன் முகாமில் போனும் எடுக்காது. ஏழு வாரத்துக்கு மேல் ஆகிறது. கோபம்தான், வேறு காரணம் இல்லை. பெண்டாட்டியைக் காட்டில் உட்காரவைத்துக் கழுகு எண்ணச் சொல்கிற வேலை, பண்டிகைக்கு மூன்று நாள் லீவு கூடத் தராதா என்ற கோபம். இன்றைக்கு எழுத ஒரு காரணம் வந்துவிட்டது.

மீன்பிடித் துறைமுகத்தில் ஏலக்கூடத்தை ஒட்டி நிற்கிற நாலாம் நம்பர் விளக்குக் கம்பம் உனக்குத் தெரியும். முப்பது மீட்டர் உயரம். உச்சியில் இரும்பு வளையம், அதில் பன்னிரண்டு விளக்கு. ஏழு எரியவில்லை. இதற்காக யாரும் மேலே ஏறுவதில்லை. அடியில் உள்ள வின்ச்சை ஓட்டினால் வளையமே விளக்குகளோடு கீழே இறங்கி வரும். பதினோரு வருடமாக நான் செய்கிற வேலை இது.

இறக்குவதற்கு முன் ஸ்பேனரால் கம்பத்தை மூன்று தடவை தட்டுவது வழக்கம். மேலே உட்கார்ந்திருக்கும் பருந்துகள் போய்விடும். போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தட்டினேன். ஒரே ஒரு பருந்து எழும்பியது. போகாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. என்னோடு வேலை செய்யும் மதார் சாகிப் மோட்டாரைப் போட்டார். வளையம் இறங்கி என் நெஞ்சுக்கு நேராக நின்றபோது பார்த்தால், இரண்டு விளக்குக்கு நடுவே ஒரு கூடு. சுள்ளி, கட்டுக்கம்பி, பச்சை வலைத் துண்டு, யாருடையதோ ஒரு பனியன். பனியன் மேல் இரண்டு முட்டை.

நீ இப்படி ஒன்றைப் பார்க்க அரை கிலோமீட்டர் தள்ளித் தொலைநோக்கி வைத்து உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு அது சட்டைப் பொத்தானுக்கு எதிரே வந்து நின்றது. புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. காய்ச்சலில் படுத்த குழந்தையின் நெற்றி மாதிரி.

மதார் சாகிப் தொப்பியைக் கழற்றிவிட்டு, நைனா, புள்ள பெத்துகினு கீற வூட்டுக்குள்ள கதவத் தட்டாம பூந்துட்டோம், மொதல்ல மேல ஏத்து என்றார். மோட்டாரில் ஏற்றினால் நிற்கும்போது வளையம் குலுங்கும். அதனால் கைப்பிடி போட்டு ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றினோம். ஐம்பது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அந்தப் பருந்து என் தலையையே குறிவைத்துப் பாய்ந்தது. மஞ்சள் ஹெல்மெட்டில் மூன்று கீறல். ஒரு யோசனை தோன்றி ஹெல்மெட்டை மதார் சாகிப்பிடம் மாற்றிக் கொடுத்தேன். அப்புறம் அவர் தலையில் பாய்ந்தது. அன்று மத்தியானம் வரை அவர் என்னிடம் பேசவில்லை.

பிறகு ஒரு தப்பு செய்தேன். கம்பங்களின் தினப் பதிவேட்டில், பழுது என்ற கட்டத்தில், பருந்து, இரண்டு முட்டை என்று எழுதினேன். எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில், காத்திருக்கிறோம் என்று எழுதினேன். எதையாவது நிரப்ப வேண்டும், பொய்யும் எழுத வரவில்லை. உதவிப் பொறியாளர் திருமுருகன் சார் சாயங்காலம் வந்து, எப்போதும் போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாளும் அதையே எழுதினேன். மறுநாளும் போட்டார்.

முட்டை எத்தனை நாளில் பொரிக்கும், எப்போது பறக்கும் என்று உடனே எழுது.

நீ கேட்டிருந்த விஷயம். இன்னும் இரண்டு வருடம் அங்கே இருக்கச் சம்மதமா என்று ஏப்ரல் 30க்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள், என் சம்மதம் இல்லாமல் போட மாட்டேன் என்று எழுதியிருந்தாய். இந்த வருடத்தோடு போதும், வீட்டுக்கு வா என்றுதான் டிசம்பரில் சொன்னேன். அதை மாற்றிச் சொல்ல இப்போதும் மனம் வரவில்லை. ஈஸ்டருக்கு அங்கே வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. நேரில் பேசுவோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கணவன்
ஆண்ட்ரூ

*

மாயாற்று முகாம்
மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

ஜானட் எழுதுவது. உங்கள் கடிதம் அரிசி கொண்டுவரும் புதன்கிழமை ஜீப்பில் வந்தது. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அரிசி மூட்டையை இறக்காமல் நின்றுவிட்டேன். டிரைவர் சிரித்தார்.

முதலில் உங்கள் பருந்து. பொரிக்க ஒரு மாதம் ஆகும். இந்நேரம் குஞ்சு வந்திருக்கும். பறக்க இன்னும் ஆறு, ஏழு வாரம் பிடிக்கும். ஏப்ரல் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை வளையத்தை இறக்கக் கூடாது. நீங்கள் மீன் போட வேண்டாம். அவற்றுக்குக் காசிமேட்டில் மீன் எங்கே கிடைக்கும் என்று உங்களைவிட நன்றாகத் தெரியும்.

இங்கே எங்கள் பாறுக் கழுகுக் குஞ்சுக்கு நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. கோழியைவிடப் பெரிதாகிவிட்டது. உடம்பெல்லாம் அழுக்குப் பஞ்சு, அதில் கறுப்பாக இறகு முளைக்கிறது. ஆறு கீழே இரைந்துகொண்டே போகிறது. எதிரே செங்குத்துப் பாறை, அதில் ஒரு மேசை அகலத்துக்கு ஒரு விளிம்பு, அதுதான் அதன் வீடு. கூடு கட்டும் மாதங்களில் அந்தப் பக்கம் வனத்துறை ஆட்கள் கூடக் காரணம் இல்லாமல் போவதில்லை. நேற்று அப்பனும் அம்மாவும் ஒரே நேரத்தில் வந்து இறங்கின. குஞ்சு இரண்டு பேரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு நடுவில் போய் உட்கார்ந்தது. நான் தனியாக இருந்தும் சத்தமாகச் சிரித்தேன். மொத்தம் பதினான்கு கழுகுகள் வானத்தில் இருந்தன. போன வருடம் இதே நாளில் ஒன்பது.

மாமா, ஒன்று சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு எனக்கு லீவு கொடுத்தார்கள். ஐந்து நாள் கொடுத்தார்கள். நான்தான் வரவில்லை. டிசம்பர் 7ஆம் தேதி முட்டை வந்தது. வருடத்துக்கு ஒன்றுதான் இடும். 23ஆம் தேதி பையைக் கட்டிக்கொண்டு சோதனைச் சாவடி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனேன். நான் போயிருந்தாலும் அது பொரித்திருக்கும். என்னால் அதற்கு ஒரு உபயோகமும் இல்லை. ஆனால் போக முடியவில்லை. இதைச் சொன்னால் யாருக்குப் புரியும் என்று பயந்துதான் லீவு இல்லை என்று பொய் சொன்னேன். மன்னித்துவிடுங்கள்.

ஈஸ்டர் திங்கட்கிழமை காலை சாவடியில் நிற்பேன். நீங்கள் வேண்டாம் என்றால் கையெழுத்துப் போட மாட்டேன். அதற்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் மாட்டேன். அத்தைக்கு என் அன்பு.

உங்கள்
ஜானட்

*

கல்மண்டபம்
ஏப்ரல் 26, ஞாயிறு

அன்பு ஜானட்டுக்கு,

இன்று பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளை காலையே விரைவு அஞ்சலில் போட்டால் உங்கள் புதன்கிழமை ஜீப்பைப் பிடித்துவிடும்.

ஈஸ்டருக்கு நான் ஏன் வரவில்லை என்று முதலில் சொல்கிறேன். ரேஞ்ச் ஆபீசுக்குப் போன் போட்டு, எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று உனக்குச் சொல்லச் சொன்னேன். அது பொய்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை நடந்தது இது. ஏலக்கூடத்துப் பெண்கள் இருட்டாக இருக்கிறது என்று புகார் கொடுத்துவிட்டார்கள். திருமுருகன் சார் முதல் தடவையாகப் பதிவேட்டைப் படித்தார். தினமும் ஐஸ் ஆலைத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, இரவல் தொலைநோக்கியில் பார்த்து நான் எழுதியது. மார்ச் 9, ஒரு குஞ்சு வெளியே வந்தது. மார்ச் 10, இன்னொன்று. மார்ச் 21, ஒன்பது நாற்பதுக்குத் தாய், ஒரு மீன் தலையோடு வந்தது. யாருடைய தாய் என்று கேட்டார். சொன்னேன். நாற்பத்தொன்பது நாளும் என் கையெழுத்து இருக்கே ஆண்ட்ரூ, இதைப் படிக்கலேன்னு இனிமே எங்க போய்ச் சொல்லுவேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் புகார் வந்தாயிற்று. நான் லீவில் போனதும் திங்கட்கிழமை எண்ணூரிலிருந்து வேறு ஆட்கள் வந்து இறக்குவார்கள் என்றார்.

புகார் கொடுத்தவர்களுக்கெல்லாம் முன்னால் நின்றவள் சொக்கம்மாள். முப்பது வருடமாக அந்தக் கூடத்தில் மீன் ஏலம் விடுகிறவள், அவள் வாய் உனக்குத் தெரியும். நேராக அவளிடமே போனேன். மேலே கையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். ஏலக்கூடத்துக்குள் இரண்டு விளக்கு ஸ்டாண்டில் வைத்துத் தருகிறேன், இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான், பதினைந்தாம் தேதி மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் விசைப்படகே வராது, வெளிச்சமும் வேண்டாம் என்றேன்.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். இன்னா ஆண்ட்ரூ, ஒம்பொண்டாட்டி அங்க கயுகுக்குக் காவலு, நீ இங்க பருந்துக்குக் காவலு, ரெண்டு பேருக்கும் ஜோசியம் பாத்துத்தான் கட்டி வச்சாங்களா என்றாள். கூடமே சிரித்தது. பிறகு அவளே, சரி போ, இருட்டுல நேத்து மீனா இன்னைக்கு மீனான்னு எவனுக்குத் தெரியப் போவுது, எனக்கு நல்லதுதான் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே திருமுருகன் சாரிடம் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். எண்ணூர் ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆக, சனிக்கிழமை நான் ரயில் ஏறியிருக்கலாம். தடை ஒன்றும் இல்லை. அம்மா உனக்காக இறால் தொக்கு செய்து பாட்டிலில் அடைத்துக் கொடுத்தார்கள். பையோடு சென்ட்ரல் வரைக்கும் போனேன். ஒருவேளை யாராவது வளையத்தை இறக்கிவிட்டால் என்று தோன்றியது. யாரும் இறக்க மாட்டார்கள் என்றும் தெரியும். திரும்பி வந்துவிட்டேன். உன் மார்ச் மாதக் கடிதத்தை அன்று மறுபடியும் எடுத்துப் படித்தேன். முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வரவில்லை.

இனி நல்ல செய்தி. 22ஆம் தேதி புதன்கிழமை காலை எட்டேகால் மணிக்கு மூத்தது பறந்தது. தடைக்காலம் ஆகையால் படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. வலை பின்னிக்கொண்டிருந்த ஐம்பது அறுபது பேர் ஊசியை வைத்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளையத்தின் ஓரத்துக்கு வந்தது, பின்னால் போனது, மறுபடி வந்தது. இப்படிப் பதினொரு தடவை. மதார் சாகிப், வுயுந்துராதடா கண்ணு என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பிறகு விழுந்தது போலத்தான் கிளம்பியது. பாதி உயரத்தில் இறக்கை பிடித்துக்கொண்டது. ஐஸ் உடைக்கும் கூரையைத் தாண்டி ஒரு படகின் கொடிக்கம்பத்தில் போய் உட்கார முயன்று, தவறி, சொக்கம்மாளின் தார்ப்பாய்ப் பந்தல் மேல் சரிந்து உட்கார்ந்தது. அவள் கீழே இருந்துகொண்டு அசையவே இல்லை. யாராவது சத்தம் போட்டா கூடையால அடிப்பேன் என்று கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இளையது நேற்று பறந்தது. அதற்கு மூன்றே தடவைதான். அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொண்டது போல.

பதிவேட்டில் நேற்று, பழுது தானாகப் பறந்துவிட்டது என்று எழுதினேன். திருமுருகன் சார் முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இரண்டும் ராத்தங்கலுக்குக் கூட்டுக்கே திரும்புகின்றன. அதனால் இன்னும் இரண்டு வாரம் போகட்டும், பிறகு இறக்கு என்று அவரே சொன்னார்.

ஜானட், வியாழக்கிழமை கடைசி நாள். கையெழுத்தைப் போட்டுவிடு. நீ இல்லாமல் பழகிவிட்டதால் சம்மதிக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அப்படி இல்லை. வீட்டில் நீ இல்லாதது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. சாயங்காலம் கதவைத் திறக்கும்போது தினமும் தெரிகிறது. ஆனாலும் போடு. என்னைக் கேட்டுவிட்டுத்தான் போடுவேன் என்றாயே, இதோ கேட்டாயிற்று, சொல்லியாயிற்று.

உன் குஞ்சு மே மாதம் நடுவில் பறக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். மே 9இலிருந்து பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டார்கள், இந்த முறை பொய் இல்லை. நான் வருவதற்குள் அது பறந்துவிடாமல் பார்த்துக்கொள் என்று எழுத நினைத்தேன். அப்படிச் சொல்லக் கூடாது என்று இப்போது எனக்கே தெரிகிறது. அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பறக்கட்டும். மாதா அதன் இறக்கையையும் உன்னையும் காப்பாற்றட்டும். நீ உட்காரும் பாறையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பழகிக்கொள், எனக்கும் இடம் வேண்டும்.

என்றும் உன்
ஆண்ட்ரூ