மார்கரெட்டின் அண்ணனுக்கு வந்த பதக்கம்

நவம்பர் 12, புதன்

கோபம் இன்னும் அடங்கவில்லை.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் நான் போய்ப் பராமரித்துவரும் முதியவர் மார்கரெட்டின் வீட்டுக்கு இன்று அரசாங்க ஆள் ஒருவன் வந்தான். அந்தக் காலத்தில் சோதனைக்காக அணுகுண்டு வெடித்த புகைக்குள் போய்த் தூசி பிடித்துவரச் சொல்லி அவருடைய அண்ணனைப் போர் விமானத்தில் அனுப்பினார்கள். விமானம் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. எப்படி விழுந்தது என்று கேட்டபோதெல்லாம் ரகசியம் என்றார்கள். இன்று பதக்கம் கொண்டுவந்து, இனி மனம் ஆறும் என்றான்.

"வாங்காதேங்கோ! வாங்கினா கதை முடிஞ்சுது எண்டு சொல்லிப்போடுவாங்கள்!" தமிழிலேயே கத்திவிட்டேன். போரில் காணாமல் போன என் அண்ணைக்கு மரணச் சான்றிதழ் தர மன்னாரில் அம்மாவிடம் வந்தவர்களும் இப்படித்தான் பணிவாக நீட்டினார்கள். அம்மா கடைசிவரை வாங்கவில்லை. மார்கரெட் வாங்கினார். நன்றியும் சொன்னார். அவனுக்குத் தேநீர் ஊற்றியது நான்!

வீட்டில் இவரிடம் சொன்னால், "உமக்கேன் உந்த வேலை? அவன் கம்ப்ளெயிண்ட் போட்டா ஏஜென்சியில ஷிப்ட் தரமாட்டாங்கள்" என்கிறார். தராமல் விடட்டும். பதக்கம் என் கைப்பையில் இருப்பது இவருக்குத் தெரியாது.

அவன் போனபின், என்ன கத்தினாய் என்று மார்கரெட் கேட்டார். அம்மாவின் கதையைச் சொன்னேன். பதக்கப் பெட்டியை மூடி என்னிடம் நீட்டி, தபாலில் திருப்பி அனுப்பச் சொன்னார்.

"கூட வைக்கும் கடிதத்தில் என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் எழுதாதே. எனக்கு அவர்கள் என்ன எழுதினார்கள்?"