வெள்ளிக்கிழமை வாசகமும் இறைச்சி போடாத கஞ்சியும்

மச்சான்,

நோன்பு வருகிறதே என்று தேநீர்க்கடைக் கூரையில் ஒட்டடை தட்டினேன். நீ செருகி வைத்த குருத்தோலை தோளில் விழுந்தது. காய்ந்து மண்ணிறமாகி, அடுப்புப் புகை மணத்தது. ஒவ்வொரு குருத்தோலை ஞாயிறும், "வீட்டில வெச்சா ஆடு தின்டிரும் காக்கா" என்று, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடும் பேரால் என்னைக் கூப்பிட்டு, இங்கே கொண்டுவந்து செருகுவாய். அடுத்த தவக்காலத்துக்கு முன் வந்து எடுத்துப் போவாய், எரித்து நெற்றிக்குச் சாம்பலாக்க. இந்த வருசம் உங்கள் சாம்பல் புதனும் எங்கள் தலைநோன்பும் அடுத்தடுத்து வந்தன. ஓலை இருந்தது. எடுக்க நீ இல்லை.

அந்த ஆடு ஒருமுறை கோயிலில் சொல்ல நீ எழுதிய விளக்கத் தாளையே தின்றது, ஞாபகமா? "நல்லதாப் போச்சு, நீளமா இருந்திச்சு" என்றேன். கொஞ்ச நாள் என்னோடு நீ கதைக்கவில்லை.

எதையோ சொல்லவந்து எங்கோ போகிறேன். தவக்கால வெள்ளிகளில் உங்கள் சின்னக் கோயிலில் மாலைச் செபம் நடக்கும். ஃபாதர் எப்போதாவதுதான் வருவார். வேதத்தில் எதை வாசிப்பது, அதற்கு என்ன விளக்கம் சொல்வது என்று தெரிவு செய்வது உன் பாடு. புத்தகங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் கடைக்கு வருவாய். எனக்குப் படிப்பு இல்லை. அதனால்தான் என்னிடம் வந்தாய். எனக்கு விளங்கினால் உன் ஆட்களுக்கும் விளங்குமாம். பிளேன்டீ ஆறுவதற்குள் விளக்கம் முடிய வேண்டும் என்பது என் சட்டம். ஒருநாள் பெரிய படிப்பாளி ஒருவரின் விளக்கத்தை வாசித்தாய். "இத விளங்க இன்னொரு விளக்கம் வேணும் மச்சான்" என்றேன். கிழித்துச் சுருட்டி அடுப்பில் போட்டாய்.

வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த மகனின் கதையை வாசித்தபோது நான் கேட்டேன்: "கொழுத்த கண்டுக்குட்டிய அறுத்தாங்க, சரி. ஆக்கினவன் ஆரு? அவனுக்கு ஒருத்தரும் சோறு குடுக்கல்லயா?"

"உங்களுக்கு எப்பவும் அடுப்புப் புத்திதான் காக்கா" என்று சிரித்தாய். ஆனால் அந்த வெள்ளி கோயிலில் அதையே சொன்னாயாம். குசினியில் ஆக்கும் பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து இருந்தார்களாம்.

ஒரு கதைக்கு மட்டும் நீ விளக்கம் தேடியதில்லை. தோணி புயலில் அலைக்கழிகிறது, நீங்கள் இயேசு என்கிற ஈசா நபி பின்பக்கம் தலையணையில் நித்திரை. அந்தப் பக்கம் வந்தால் புரட்டிவிடுவாய். நானும் கேட்டதில்லை. கடல் ஊருக்குள் வந்த அன்று உன் மனைவியை அது கொண்டுபோனது எனக்குத் தெரியாதா?

போன வருசம் உங்கள் பாஸ்காப் பெருநாள் முடிந்து ஒரு பின்னேரம், நீயாகவே சொன்னாய்.

"அடுத்த தவக்காலம் முதல் வெள்ளிக்குத் தோணிக் கதைய வாசிப்பம் காக்கா."

"எங்கட வீட்டுக்குக் கடல் வரக்குள்ளயும் அவர் நித்திரையா எண்டு ஆக்கள் கேப்பாங்களே. என்ன சொல்லுவாய்?"

"நானும் அதத்தான் இவ்வளவு காலமும் கேக்கன். விடை தெரியா." தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தாய். "ஆனா ஒண்டு. நித்திரையெண்டாலும், அவர் அதே தோணிக்குள்ளதானே இருந்தார்."

தேநீரில் இன்னும் ஆவி பறந்தது. "இது காணும். இதுக்கு மேல நீட்டாத" என்றேன்.

அதன்பின் மழைக்காலம் வருமுன் நீ கண்மூடிவிட்டாய்.

ஓலை விழுந்த அன்று பின்னேரம் உன் மகள் வந்தாள்.

"மாமா, அப்பாட ஓலை உங்கட கடையில இரிக்காம்."

"இரிக்கி புள்ள."

வாங்கியும் போகாமல் நின்றாள். "முதல் வெள்ளிக்கு என்ன வாசிக்கிற எண்டு தெரியல்ல மாமா. எல்லாரும் என்னையே பாக்காங்க. அப்பா உங்களிட்ட ஏதும் சொன்னாரா?"

சொன்னால், தாயைக் கடலுக்குக் கொடுத்த பிள்ளையின் வாயில் அந்தக் கதையை வைக்கிறேன். சொல்லாவிட்டால், உன் பேச்சு என்னோடு மண்ணுக்குப் போகும். வேதத்தில் அது எந்த அதிகாரம் என்று எனக்குத் தெரியாது. கதையைச் சொன்னேன்.

"அத அப்பா வாசிக்கவே மாட்டாரே."

"இந்த முறை வாசிப்பம் எண்டவர் புள்ள."

"விளக்கம்?"

நீ சொன்ன அந்த ஒரு வரியையும் சொன்னேன். ஓலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனாள்.

வெள்ளி வந்தது. நோன்புக் கஞ்சியை ஆக்கி இறக்கிவிட்டுக் கடை வாசலில் இருந்தேன். கோயில் ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டது. தோணி என்றாள், புயல் என்றாள். தலையணை என்ற இடத்தில் குரல் நின்றுபோனது. கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. நான் செய்தது பிழையோ என்று எழும்பிவிட்டேன். பிறகு, "அப்பா சொல்லிட்டுப் போன விளக்கம் ஒரு வரிதான்" என்று தொடங்கி, சொல்லி முடித்தாள். நீட்டவில்லை.

சற்று நேரத்தில் பள்ளியில் அந்தித் தொழுகைக்கு, மஃரிபுக்கு, பாங்கு சொன்னார்கள். கஞ்சி எடுக்க உள்ளே போனேன். தவக்கால வெள்ளியில் உனக்கு இறைச்சி ஆகாது. அதனால் இறைச்சி போடுமுன் ஒரு கோப்பைக் கஞ்சியை உனக்கென எடுத்து மூடி வைப்பது என் வழக்கம். இந்த வெள்ளியும் என் கை அதைச் செய்திருந்தது, எனக்கே தெரியாது. மூடியைத் திறந்தேன். ஆறிப்போய் ஆடை படர்ந்திருந்தது.

கடையில் நீ எப்போதும் இருக்கும் பலகையில் போய் இருந்தேன். உன் கஞ்சியைக் குடித்துத்தான் நோன்பு திறந்தேன், மச்சான்.