ஒரு சிட்டம் சிவப்பு நூல்

12.6.1994, ஞாயிறு
ஆராதனை முடிந்து வந்ததும் இவர் சாப்பிடக்கூட உட்காரவில்லை. நேரே பட்டறைக்குப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். இவர் சொந்தமாகக் கட்டும் காருக்கு ஃபைபரில் வார்த்த உடம்பை நேற்றுதான் சட்டத்தின்மேல் பூட்டியிருக்கிறார்கள். கார் என் இடுப்பு உயரம்கூட இல்லை. தூத்துக்குடி ஏலத்தில் எடுத்த வெளிநாட்டு எஞ்சின் நடுவில் படுத்திருக்கிறது. லாரி ஆக்ஸில் கடைகிற லேத்தில் இப்படி ஒன்று பிறக்குமா? தொடவே பயமாக இருந்தது.

21.6.1994
இன்று பந்த். பந்தல்குடி ரோட்டில் ஒரு லாரி இல்லை. ஊருக்கெல்லாம் எரிச்சல், எங்களுக்குத் திருவிழா.
காலி ரோட்டில் காரை ஓட்டிப் பார்த்தார். நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பின்பக்கம் மிதக்கிறதாம். "ரோட்டுல இருக்கமா, ஆகாசத்துல இருக்கமான்னு தெரியல ஷீலா" என்று சிரிக்கிறார். ஆகஸ்டில் புனே கம்பெனிக்காரர்கள் காரைப் பார்க்க வருகிறார்கள். நூற்றெண்பதில் நேராக ஓடினால்தான் கார்க் கண்காட்சிக்கு எடுப்பார்களாம். ஓட்டப்போவது இவர்தான். கர்த்தரே, இவுகளுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாது.

27.6.1994
இன்றும் அதே பேச்சு. காற்று காரை எங்கே தூக்குகிறது? கண்ணுக்குத் தெரிந்தால்தானே.

18.7.1994
பக்கத்து வீட்டு முனீஸ்வரி சாயம் போட்ட நூலைச் சிட்டம் சிட்டமாகக் கட்டிக் கொடியில் காயப்போட்டிருந்தாள். ஆடிக்காற்றில் அறுந்த நுனிகளெல்லாம் ஒரே பக்கம் பறந்தன. அடச்சே, காற்று இதோ தெரிகிறதே.
ஒரு சிட்டம் சிவப்பு நூல் கேட்டேன். "எதுக்குக்கா?" "காருக்கு." என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

24.7.1994, ஞாயிறு
பரளச்சியில் இவர் கூட்டாளி மாரிச்சாமியின் களம். சுற்றிலும் பொட்டல், மறைப்பே இல்லை. டிராக்டரில் காரை இழுத்துப்போய்க் காற்றைப் பார்க்க நிறுத்தினோம். விரல் நீளத்துக்கு முந்நூறு நூல் வெட்டி உடம்பெல்லாம் ஒட்டினேன். "ஏலே செல்வதுரை, காருக்குச் சடங்கா வச்சிருக்க?" என்று இவரைக் கேட்டார் மாரிச்சாமி.
காற்று எழுந்தது. மூக்கிலிருந்து கூரைவரை அத்தனை நூலும் எண்ணெய் வைத்து வாரிய தலைபோலப் படிந்தது. பின்சரிவில் மட்டும் எழும்பி எழும்பிச் சுற்றியது. அன்றைக்கு இவரைத் தூக்கப் பார்த்தது இதுதான் — பட்டப்பகலில், கண்ணெதிரே.

31.7.1994
பின்சரிவில் அட்டை வைத்து வைத்துப் பார்த்தோம். ஏழாவது அட்டையில், நுனியை நாலு விரல் மேலே மடக்கியதும், நூல் படுத்தது. இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

19.8.1994
அட்டை இருந்த இடத்தில் இப்போது ஃபைபர்; புனேக்காரர்களும் வந்துவிட்டார்கள். போலீஸ் அனுமதியோடு அரை மணி நேரம் ரோட்டை மறித்தார்கள். நான் மைல்கல் பக்கம் நின்றேன். நூற்றெண்பத்தாறு. கோடு போட்டதுபோல் போனது. ஸ்தோத்திரம்.

14.9.1994
கண்காட்சிப் படிவம் வந்திருக்கிறது. பதிமூன்றாம் கேள்வி: காற்றுச் சோதனை செய்த ஆய்வுக்கூடத்தின் பெயர், முகவரி.
"என்னத்த எழுத?" என்றார் இவர்.
பேனாவை வாங்கி நானே எழுதினேன்: மாரிச்சாமி களம், பரளச்சி. ஆடி மாதம் மட்டும்.