ஜாடியில் ஊற்றிய கிசி வைன்

ஒக்ரோபர் 9, வியாழன்

மழை. 401 நெடுஞ்சாலை நகரவே இல்லை. அஜக்ஸ் வீட்டிலிருந்து மிசிசாகாவில் வேலைக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம்.

ஜோர்ஜியா நாட்டிலிருந்து வந்த கிசி வைனுக்கு லேபிள் எழுதி முடித்தேன். கிசி அரிதான வெள்ளைத் திராட்சை. தோல், விதையோடு மண்ணில் புதைத்த சாடிக்குள் ஆறு மாதம். நிறம் பால் விடாத தேத்தண்ணி. வாசத்துக்கு ‘காய்ந்த மாங்காய்த் தோல்’ என்று எழுதியிருந்தேன். மனேஜர் வெட்டிவிட்டு ‘ஏப்ரிகொட்’ என்று போட்டான். மாங்காய்த் தோல் யாருக்கு விளங்குமாம். பதினொரு வருடமாக இந்த வைன் இறக்குமதிக் கொம்பனிக்கு ருசி பார்க்கும் நாக்கு நான்தான்.

ஒரு போத்தல் கொண்டுவந்தேன். ஞாயிறு சம்பந்தம் பேச வரும் மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு நானும் மகள் அபியும் மட்டும் குடிக்க. என் வேலையை அபி ஒரு மிடறுகூட ருசித்ததில்லை.

வாங்க: வெற்றிலை, பால், கத்தரிக்காய், பாத்திரச் சோப்.

ஒக்ரோபர் 10, வெள்ளி

அபி: “அம்மா, ப்ளீஸ், அவையளுக்கு முன்னால வைன் எண்டு வாயே திறக்காதீங்கோ. டோட்டலி சைவக் குடும்பம். ஒஃபிஸ் வேலை எண்டு சொல்லுங்கோ.”

“ஏன், நான் என்ன கசிப்புச் சாராயமே காய்ச்சிறன்?”

“யூ நோ வட் ஐ மீன்.”

தெரியும். அவள் யூனிவெர்சிற்றி படித்ததும் இந்த நாக்கால்தான். அவள் தகப்பனின் விஸ்கி மட்டும் கராஜில் இருக்கலாமாம். அவர் டீவியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

முழங்கால் வலி.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

வெயில், ஆனால் குளிர். ஐந்து மணிக்கு என்றவர்கள் மூன்றரைக்கே ரூஜிலிருந்து வந்து இறங்கினார்கள். காற்றுப் படட்டும் என்று வைனைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றி வைத்திருந்தேன். ஒளிக்க நேரமில்லை.

மாப்பிள்ளையின் தாய் நேரே குசினிக்குள் வந்தார். “சரியான தாகம், தங்கச்சி. உது குடிக்கிறதோ?” கேட்டபடியே ஊற்றிவிட்டார். நான் வாய் திறக்க முதல் அபி: “கொம்புச்சா, அன்ரி! புளிக்க வைச்ச தேத்தண்ணி. வீட்டில செய்தது.”

ஒரு மிடறு. கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“வெயிலில காயப்போட்ட மாங்காய்த் தோல் வாசம், என்ன? பிறகு மெல்லமாத் துவர்க்குது. சோக்காயிருக்கு. என்ன போட்டனீங்கள்?”

பதினொரு வருடத்தில் முதல் தரம், என் நாக்குச் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கேட்டேன். கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அபி என்னைப் பார்த்தாள்.

“தேயிலை, சீனி,” என்றேன்.

அவர் கூடத்துக்குப் போனதும் அபி மிச்சம் முழுவதையும் சிங்கில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். “சொறி அம்மா.” முகம் பார்க்கவில்லை.

சம்பந்தம் சரி. தையில் கலியாணம். வடை கொஞ்சம் கல்லு.

அபியில் கோபமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கோபம்தான். என்னில் இன்னும் கூட. தெரியாமல் குடித்த மனுசியிடம் உண்மையைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லையே.

ஒக்ரோபர் 14, செவ்வாய்

தூறல். சம்பந்தி அம்மா அபிக்குப் போன் எடுத்தாராம். அந்த ருசி நாக்கிலேயே நிற்குதாம். இரண்டு போத்தல் வேண்டுமாம்.

வேலை முடிந்து வரும் வழியில் கடையில் கொம்புச்சா இரண்டு வாங்கினேன், நிறம் பார்த்து. வீட்டில் செய்தது என்றால் லேபிள் இருக்கக் கூடாது. சுடுதண்ணீரில் ஊறப்போட்டு உரித்தேன். ஒன்று முழுதாக வந்தது. மற்றதை நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது.