கங்காணி எத்திய பானை

அத்தான்,

இன்று காலை அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது முறத்தில் ஒரு மஞ்சள் மணி கண்ணில் பட்டது. பழுப்பேறிய சாதாரண அரிசிதான். ஆனாலும் என் கை நின்றுவிட்டது. நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் எல்லாரும் உங்கள் நல்ல குணங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என்னால் முடியவில்லை. அதனால் உங்களிடமே பேசுகிறேன்.

அந்த வருஷம் நம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் நிரையிலேயே மயங்கி விழுந்தார்கள். தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நர்ஸ் மிஸி ஒவ்வொருத்தியின் கண் இமையையும் இழுத்துப் பார்த்து, "ஒடம்புல ரத்தமே இல்லலா" என்றார். அக்காவின் இமையின் உட்புறம் வெள்ளைத் துணிபோல் வெளுத்திருந்தது. அப்போது அவளுக்கு நாலாம் மாசம். அதன் பிறகுதான் தோட்டத்துக் கடை அரிசியில் இரும்புச் சத்தும் வைட்டமினும் ஏற்றிய மஞ்சள் மணிகளைக் கலந்தார்கள்.

நீங்கள் கங்காணி. உங்கள் பேச்சுக்கு லயத்து வீடுகள் முழுவதும் கட்டுப்பட்டன. கோயில் வாசலில் நின்று சொன்னீர்கள்: "புள்ள பெறாம இருக்க மருந்து கலக்குறானுங்க. நம்ம சனம் பெருகக் கூடாதுன்னு தொர போட்ட திட்டம் இது."

மறுநாளிலிருந்து பெண்கள் வாசலில் உட்கார்ந்து மஞ்சள் மணிகளைப் பொறுக்கிச் சாக்கடையில் போட்டார்கள். அக்காவும் போட்டாள்.

"ஏற்கெனவே வயித்துல புள்ள இருக்கு. இனிமே அந்த மருந்து என்னக்கா பண்ணும்?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "அவரு பாத்தா சத்தம் போடுவாருடி."

நான் வேலை பார்த்த பிள்ளைக் கொட்டகையில் அந்த அரிசியைப் பொறுக்காமலே வடித்தேன். யாரோ உங்களிடம் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்க, நீங்கள் உள்ளே வந்து பானையைக் காலால் எத்தினீர்கள். ஆவி பறக்கச் சோறு தரையெல்லாம் சிதறியது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"நீ என்ன டாக்டரா? வாய மூடிக்கிட்டுப் போ." துரையிடம் சொல்லி என்னை மறுபடி மலைக்கே கொழுந்தெடுக்க அனுப்பினீர்கள்.

அக்காவின் பிரசவத்துக்கு முன்பே கலப்பு அரிசி நின்றது. சாக்கடைக்குப் போவதை எதற்கு வாங்க வேண்டும் என்று துரை கேட்டாராம். நீங்கள் ஜெயித்தீர்கள்.

வலி கண்ட அன்று நல்ல மழை. லாரியில் அக்காவை மடியில் கிடத்திக்கொண்டு வழியெல்லாம் நீங்கள் அழுததை நான் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அக்கா பிழைக்கவில்லை.

"ஏற்கெனவே ரத்தம் இல்லாத ஒடம்பு. கொஞ்சம் போனதையே தாங்கல" என்றார் மிஸி.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினீர்கள்.

அவர் உங்களையே பார்த்தார். "சொன்னோம்லா, கங்காணி."

அதையும் கேட்ட பிறகு, கருமாதிக்கு வந்தவர்களிடம், "அந்த மஞ்ச அரிசிதான் அவளக் கொன்னுச்சு" என்றீர்கள். குழந்தையைத் தோளில் போட்டபடி நான் எழுந்தேன். "அக்கா அதுல ஒரு மணியக்கூடத் திங்கல. நீங்க திங்க விடல" என்றேன். பெரியவர்கள் என்னைத்தான் அதட்டினார்கள். உங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிள்ளையை நான் வளர்த்தேன். நீங்கள் படுத்த படுக்கையானதும் அவளே வந்து பார்த்துக்கொண்டாள். ஒருநாள் அவள் வெளியே போன நேரம் பார்த்து என்னிடம் கேட்டீர்கள்.

"புள்ளகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன், அத்தான்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். உங்கள் தோள் குலுங்கியது. நான் ஆறுதல் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்துதான் அவள் உங்களுக்குக் கஞ்சி ஊட்டினாள். அது அவள் மனசு. எனக்கு அது வரவில்லை.

அன்று லாரியில் அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அந்த விரல்கள் மழையில் நனைந்த கொழுந்துபோல் சில்லிட்டிருந்தன. அந்தக் குளிர் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அது இருக்கும்வரை உங்களை நல்லவர் என்று என் வாய் சொல்லாது, அத்தான்.