செவலையை விற்காதே

அம்மாவுக்கு சிவந்தி எழுதுவது. மூட்டுவலி தேவலையா? போனில் பேசினால் சண்டையாகிறது, அதனால் எழுதுகிறேன். சினை நிற்கவில்லை என்று செவலைப் பசுவைத் தரகரிடம் கொடுத்துவிடாதே.

இங்கே காலடிப்பேட்டையில் பால்கார ஜெயவேல் அண்ணனின் மாட்டுக்கும் இதே கதைதான். மாட்டு டாக்டர் வந்த அன்று வாலைப் பிடித்தது நான். மாடு உதைத்ததில் செருப்புதான் சாக்கடைக்குப் போனது, எனக்கு ஒன்றுமில்லை.

“பருவத்துல வழியற வழும்பு சீழாட்டம் கலீஜா கீதும்மா. கர்ப்பப்பைல புண்ணு. அது ஆறாம சினை ஊசி போட்டா எப்டி நிக்கும்?” என்றார் அண்ணன். டாக்டர் கர்ப்பப்பைக்கு மருந்து விட்டார். மாடு பருவத்துக்கு வந்து கத்தியபோது ஒரு முறை பொறுத்து, அடுத்த முறை சினை ஊசி போட்டார்கள். இப்போது அது சினை.

செவலை கத்தினால் உடனே ஊசி போடாதே. முதலில் டாக்டரிடம் வழும்பைக் காட்டு.

பொங்கலுக்குக் கொஞ்சம் கருப்பட்டி அனுப்பு. நான் வரவில்லை. அந்த லீவைச் செவலை கன்று போடும்போது எடுக்கப்போகிறேன். மீன் கம்பெனிக்கு நேரமாகிவிட்டது.

உன் சிவந்தி