அலமாரிக்குள் இருந்த செம்பருத்தி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் நினைப்பு. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள், நான் மட்டும் என் முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த வயதில் பத்தாம் வகுப்பா என்று நீ சிரித்தாயே, எனக்கு எல்லாப் பாடமும் பிடித்துத்தான் இருக்கிறது, ஒளிச்சேர்க்கை ஒன்றுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. தண்ணீர், கரியமில வாயு, வெளிச்சம், பச்சையம் என்று இஸ்திரி மேசைக்கு மேலே எழுதி ஒட்டி வைத்து மனப்பாடம் செய்தேன். எங்கள் டீச்சர், உன்னைவிடச் சின்னப் பெண், "அக்கா, ஒப்பிக்காதீங்க. புத்தகத்த மூடிட்டு ஒரு இலை வரைங்க, என்ன உள்ள போகுது, என்ன வெளிய வருதுன்னு அம்பு போடுங்க" என்றாள். வரைந்தால் பாதி அம்பு தலைகீழாகப் போனது. என் பக்கத்தில் உட்காரும் பஸ் டிரைவர் தம்பி காலி பஸ்ஸைப் பார்த்துப் பாடம் சொல்லிப் படிப்பானாம், "ஒரு சீட்டும் எதிர்த்துக் கேள்வி கேக்காதுக்கா" என்றான். எனக்குக் கைகொடுத்தது நம் சலவை வேலைதான். இலை சேர்த்து வைக்கும் மாவுச்சத்தும் நாம் துணிக்குப் போடும் கஞ்சியும் ஒன்றே என்று டீச்சர் சொன்னதும், வேலை செய்யும் இடத்து முதலுதவிப் பெட்டியில் இருந்த அயோடினைக் கஞ்சி போட்ட கைத்துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், கருநீலமாகிவிட்டது. சூப்பர்வைசர், "டாக்டராகப் போறீங்களா, என் வேலைக்கு உலை வைக்கப் போறீங்களா" என்று கத்தினார்.

சிரிப்பு இத்தோடு முடிந்தது. அடுத்து இலையில் சோதனை செய்ய வேண்டும். செடியை ஓரிரு நாள் இருட்டில் வைத்தால் சேமித்த மாவுச்சத்தைத் தின்று தீர்த்துவிடும், பிறகு ஒரு இலையில் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி வெயிலில் வைக்க வேண்டும். வீட்டில் இருந்தது ஒரே செடி, உன் அப்பா கண்ணை மூடுவதற்கு முன் தொட்டியில் நட்ட செம்பருத்தி. அதை உன் துணி அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அதற்குள் வகுப்புத் தேர்வு வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் அந்த அலமாரியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, வெளிச்சம் இல்லாமல் செடி வாழாது என்ற பாடத்தைப் படித்திருக்கிறேன், தங்கம். படித்தேனே தவிர உள்ளே செடி இருப்பது ஞாபகத்துக்கு வரவில்லை. வகுப்பில் டீச்சர், வெளிச்சமே கிடைக்காவிட்டால் செடிக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். எழுந்து கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்தவளுக்குப் பாதியில் அலமாரி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்த காற்றுக்கே இலைகள் உதிர்ந்தன, எல்லாம் மஞ்சள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மறுநாள் புத்தகம் இல்லாமல் பாடம் முழுவதையும் சொன்னேன். புதிதாகச் செய்ய வழியில்லாமல் அது எப்படிச் சேமிப்பைத் தின்றது, தீர்ந்ததும் ஏன் இலையைக் கைவிட்டது என்று சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். டிரைவர் தம்பி, "இனிமே இந்தப் பாடம் உங்களுக்கு சாகுற வரைக்கும் மறக்காதுக்கா" என்றான். எனக்கு அந்தக் கைதட்டல் வேண்டாம் என்று இருந்தது. உன் அப்பாவின் செடியை விலையாகக் கொடுத்து நான் வாங்கிய பதில் அது. இப்போது ஜன்னலோரம் வைத்திருக்கிறேன், சட்டென்று வெயில் பட்டாலும் கருகிவிடுமாம். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே இன்னும் கொஞ்சம் பச்சை இருக்கிறது. துளிர் இன்னும் வரவில்லை, பிழைக்குமா என்று டீச்சராலும் சொல்ல முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் "அப்பா செடி எப்படிம்மா இருக்கு" என்று கேட்டாய். "ஜம்முனு இருக்கு" என்றேன். சொன்ன பிறகு என் குரலே எனக்குக் கேட்டது. அந்த ஊரில் ஜன்னல் இல்லாத அறை, ராத்திரி வேலை, பகல் முழுக்கத் தூக்கம் என்று இருந்துகொண்டு நீ "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்பாயே, அதே குரல். அதை நானும் இத்தனை நாள் அப்படியே நம்பினேன். அலமாரிக்குள் முதல் சில நாள் அந்தச் செடியும் பச்சையாகத்தான் இருந்திருக்கும், திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. என்மேல் கோபம் இருந்தால் தாராளமாகத் திட்டி எழுது, ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்பதையும் அதிலேயே உள்ளபடி எழுது. முடியவில்லை என்றால் வந்துவிடு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்து வரும்போது கொஞ்ச நேரம் வெயிலில் நின்றுவிட்டு அறைக்குப் போ.

எந்தக் குறையும் அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். பதில் போட மறக்காதே, போனில் சொல்வது கணக்கில் சேராது.

உன் அம்மா,
பத்தாம் வகுப்பு, மாலைப் பிரிவு.

வாட்ச்மேன் விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.